தஞ்சாவூரில் ஒரு நாள்: தனி கைடு வைத்துக்கொள்வதா, நாமே சுற்றுவதா?

சிங்கை மலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்கு வருகிறோம். திருச்சியில் இறங்கி நேராகப் புதுக்கோட்டை பக்கத்தில் மாமியார் வீடு, அங்கிருந்து ஒரே ஒரு நாள் தஞ்சாவூர் போய் வரலாம் என்று திட்டம். நான், கணவர், 14 வயதுப் பெண், 10 வயதுப் பையன், கூடவே 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, நடப்பார், ஆனால் அடிக்கடி உட்கார வேண்டும்.

இணையத்தில் ஒரு ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். ‘பிரைவேட் டே டூர்’ என்று கார், கைடு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் சொல்கிறார். காலை 8 மணியிலிருந்து மாலை 7 வரை. பட்டியல் இதுதான்: பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், ஒரு ‘கைவினைக் கிராமம்’, திருவையாறு, சுவாமிமலை, தாராசுரம். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

கணவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “நம்ம கோயிலைப் பார்க்க நமக்கு எதுக்கு கைடு? நாம என்ன வெள்ளைக்காரங்களா? தமிழ் தெரியும், போன்ல எல்லாம் இருக்கு.” அவர் சொல்வதும் சரிதான். ஆனால் நான் ஏழாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போனேன், இன்றைக்கு ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம், கால் சுட்டது, கோபுர நிழல் தரையில் விழாது என்று டீச்சர் சொன்னது. பிள்ளைகளும் அதே மாதிரி பார்த்துவிட்டு நான்கு செல்ஃபியோடு திரும்பிவிடக் கூடாது என்று ஆசை. பையன் அங்கே தமிழ் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான், பெண்ணுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் கூச்சம்.

கைடு வைத்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? 11,000 நியாயமா? இவ்வளவு இடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

அம்மா, நான் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் கீழவாசல். முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: முடியாது. பட்டியல் போட்டவர் வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெரிய கோயிலில் நடுப்பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கார் கண்ணாடிக்கு வெளியே வாழைத் தோப்பு.

நிழல் விஷயத்தை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நிழல் விழும். நான் அந்த நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்று வளர்ந்தவன். விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே நிற்கிற அந்தப் பெரிய கோபுரத்தின், அடிப்பாகம் அகலம் என்பதால், வெயில் உச்சியில் இருக்கும்போது நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். காலையிலும் மாலையிலும் பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடக்கும். யார் கிளப்பிவிட்டார்களோ, பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அந்த வகைதான். பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எத்தனை துண்டானாலும் அவ்வளவு உயரத்துக்குக் கல் ஏற்றியது ஏற்றியதுதானே. அதுவும் சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலையே இல்லாத நெல் வயல் பூமியில்! அந்த ஆச்சரியத்துக்குக் கட்டுக்கதை தேவையே இல்லை.

சரி, கைடு. நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்தது உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான், ஏனென்றால் நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து வந்த உறவினருக்காக ஒரு கைடைக் கூட்டிக்கொண்டு போனோம். இராஜராஜன் திருவாயிலில், அதாவது இரண்டாவது கோபுர வாசலில், இரண்டு பெரிய துவாரபாலகர்கள் நிற்கிறார்கள் அல்லவா, ஆயிரம் தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அவர் எங்களை நிறுத்தி, காலுக்குக் கீழே இருக்கிற கதாயுதத்தைப் பாருங்கள், அதில் சுற்றியிருக்கிற பாம்பைப் பாருங்கள், பாம்பு வாயில் என்ன என்று கேட்டார். யானை. பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. “யானையை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிசு? அந்தப் பாம்பு இவர் ஆயுதத்தில் ஒரு கயிறு மாதிரி கிடக்குதுன்னா இவர் எவ்வளவு பெரிசு? இவரே வாசல்ல நிக்கிற காவலாளிதான்னா உள்ளே இருக்கிறவர்?” அவ்வளவுதான் கேட்டார், பதில் சொல்லவில்லை, நடந்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நாற்பது வருஷம் அந்த வாசலில் என்ன பார்த்தேன் என்று.

ஆகவே கைடு வையுங்கள், ஆனால் பெரிய கோயிலுக்கு மட்டும், இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 11,000 எல்லாம் வேண்டாம்.


ரயிலடி ரவுண்டு எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது நல்ல கைடு கிடைத்தால். எனக்குக் கிடைத்தவர் கதையைக் கேளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மனைவி வீட்டாரோடு ஏழு பேர் போனோம். முழு நாள் ஏற்பாடு, பெயர் வேண்டாம். வந்தவர் நிழல் விழாது என்றார். வடபுறம் விமானத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் உருவம் இருக்கிறதே, அதைக் காட்டி, வெள்ளைக்காரன் நம்மை ஆளுவான் என்று ராஜராஜனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும் என்றார். (அது பிற்காலத் திருப்பணியில் வந்தது என்று வீட்டுக்கு வந்து படித்தேன்.) நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்றார். பெரிய தலைவர்கள் இந்த வாசல் வழியாக வந்தால் பதவி போய்விடும் என்று ஒரு பட்டியல் வேறு. மொத்தம் 40 நிமிடம், அதற்குள் “வாங்க சார், லேட் ஆயிடுச்சு”.

எதற்கு லேட் என்றால், கடைக்கு. ஒரு ஓவியக் கடையில் ஒன்றரை மணி நேரம். கோயிலுக்கு 40 நிமிடம், கடைக்கு 90 நிமிடம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரூட்டிய அறை, எல்லோருக்கும் காபி, மாமியார் ஒரு கிருஷ்ணர் படத்தில் மயங்கிவிட்டார். அசல் தங்க ரேக்கு என்று சொல்லி 14,000 வாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் கிருஷ்ணர் கழுத்து மாலை லேசாகப் பச்சை பாரித்து நிற்கிறது. அசல் தங்கத் தகடு அப்படிக் கறுக்காது, பச்சையும் ஆகாது. மாமியார் இன்னும் அது பூஜை அறைப் புகையால் என்கிறார், நாங்களும் ஆமாம் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் பட்டியலில் ‘கைவினைக் கிராமம்’ என்று இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் காபி வாசனையே வந்துவிட்டது.


திண்ணை எழுதியது:

நான் மாற்றுக் கட்சி. யாரும் வேண்டாம்.

கோயில் என்பது விளக்கம் கேட்கிற இடம் மட்டும் இல்லை. நான் வருஷம் ஒரு தடவை தஞ்சாவூர் போவேன். மூன்றரை நாலு மணிக்குப் போய் சுற்றுமாளிகைத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். கோயில் கிழக்குப் பார்த்தது, மாலை வெயில் மேற்கிலிருந்து வரும், விமானம் முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் தேன் நிறம், கடைசியில் செம்மண் நிறம். கிளிகள் கூட்டமாக வந்து மாடங்களில் அடையும். பக்கத்தில் யாராவது “கி.பி. 1010-இல்” என்று ஆரம்பித்தால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும்.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள். புல்தரையில் ஓடட்டும். பத்து வயதில் அந்த இடத்தைப் பிடித்துப் போனால் இருபது வயதில் தானே தேடிப் படிப்பார்கள். இப்போதே உட்கார வைத்துப் பாடம் எடுத்தால் இன்னொரு வகுப்பறை ஆகிவிடும், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு குறைவா என்ன?


முன்னாள் வழிகாட்டி எழுதியது:

இந்தத் திரியை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் 16 வருஷம் தஞ்சை, கும்பகோணம் பகுதியில் கைடாக இருந்தவன், இப்போது வேறு தொழில். ரயிலடி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குத் தப்பிக்க வழி தெரியும்.

முழு நாள் ஏற்பாட்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காருக்கும் ஏற்பாட்டாளருக்கும் போய்விடும். கைடின் கைக்கு வருவது சொற்பம். மிச்சத்தை அவர் கடையில் எடுக்கிறார். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கு கைடுக்கு, ஒரு பங்கு ஓட்டுநருக்கு. அந்தப் பங்கு உங்கள் தலையில்தான் ஏற்றப்பட்டிருக்கும். கோயிலில் 40 நிமிடம் நின்றதற்குக் காரணம் அவருக்குத் தெரியாதது மட்டும் இல்லை, கடை பூட்டும் முன் போயாக வேண்டும் என்பதும்தான். நானே ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருஷம் அப்படிச் செய்தவன், மறைக்கவில்லை.

அதனால் கைடை நேரடியாகப் பிடியுங்கள், காரைத் தனியாக வையுங்கள். மத்திய சுற்றுலாத் துறை உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், மாநிலச் சுற்றுலாத் துறையில் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள், இருவரிடமும் புகைப்பட அட்டை இருக்கும், காட்டச் சொல்லுங்கள், நல்ல கைடு கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டணம் அரை நாள், முழு நாள் என்று பிரித்திருக்கும், எத்தனை பேர் என்பதைப் பொறுத்தும் மாறும். கோயில் வாசலில் “சார் கைடு, சார் கைடு” என்று ஓடிவருகிறவர்களில் நல்லவர்களும் உண்டு, ஆனால் வெயிலில் நின்றுகொண்டு உங்களால் சோதித்துப் பார்க்க முடியாது.

முதல் நாளே தொலைபேசியில் பேசுங்கள். நான் இருந்தால் மூன்றே கேள்விதான் கேட்பேன். ஒன்று, நிழல் விழுமா? சிரித்தால் நல்ல ஆள். இரண்டு, கோயில் கல்வெட்டு ஏதாவது எங்களுக்குப் படித்துக் காட்ட முடியுமா? மூன்று, கடைக்குப் போக வேண்டாம், அதற்குப் பதில் உங்கள் கட்டணத்தில் 500 கூடத் தருகிறேன், சரியா? மூன்றாவது கேள்விக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்துக்குப் பிறகு என்ன சொல்கிறார் என்பதை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. தமிழ் தெரியும் என்றால் கைடு வேண்டாம் என்பது தலைகீழ். வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போனால் நான் சிற்பத்தைக் காட்டுவேன், உயரம் சொல்வேன், 216 அடி, வாயைப் பிளப்பார்கள். கல்வெட்டை அவர்களுக்கு என்னவென்று படிப்பது? அது தமிழர்களுக்கு மட்டும்தான் ருசிக்கும். அந்தச் சுவர்கள் ஒரு கணக்குப் புத்தகம். யார் எத்தனை கழஞ்சு தங்கம் கொடுத்தார், விளக்குக்கு நெய் தர எத்தனை ஆடு, தளிச்சேரியில், அதாவது கோயிலை ஒட்டிய குடியிருப்பில், குடியேற்றப்பட்ட 400 ஆடல் பெண்டுகளின் பெயர், ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கட்டிய தச்சனின் பெயரும் உண்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். தமிழ் தெரிந்தவர்கள் இதைப் படிக்காமல், உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

திண்ணை அவர்களே, நீங்கள் சொல்வதும் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் வருஷா வருஷம் போகிறவர். இவர்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.


சிங்கை மலர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. முன்னாள் வழிகாட்டி அவர்கள் எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், “சரி, அரை நாளுக்கு வெச்சுப் பாரு” என்று இறங்கி வந்திருக்கிறார். 11,000 ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

இன்னும் சில சந்தேகங்கள். காலையா மாலையா? அம்மாவுக்கு வெறுங்காலோடு நடப்பது சிரமம் ஆகுமா? அந்த நடு நேரத்தில், கோயில் சாத்தியிருக்கும்போது என்ன செய்வது? சோழர் ஓவியங்களைப் பார்க்க முடியுமா, பெண் ஓவியம் வரைவாள், அவளுக்காகக் கேட்கிறேன். தாராசுரத்தை விட்டுவிட வேண்டியதுதானா?


காவிரிக்கரை எழுதியது:

மாலைதான். நாலு மணிக்கு நடை திறக்கும்போது கைடோடு உள்ளே போய்விடுங்கள். டிசம்பரில் வெயில் பரவாயில்லை, ஆனால் பகலில் வெயில் அடித்தால் டிசம்பர் என்று கல்லுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தடித்த காலுறை ஒன்று போட்டுவிடுங்கள். சில இடத்தில் விரிப்பு போட்டிருப்பார்கள், எல்லா இடத்திலும் இருக்காது. உட்காரச் சுற்றுமாளிகை முழுக்க நிழலான திண்ணை, அம்மா அங்கே உட்கார்ந்தபடியே பாதிக் கோயிலைப் பார்க்கலாம். மழைக்கும் தயாராக வாருங்கள், மார்கழி பிறக்கும் வரை நம்ப முடியாது.

ஒன்று முக்கியம். நாள்காட்டியில் பிரதோஷம் என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். பக்தியாக நந்தி அபிஷேகம் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கே வாருங்கள், அருமையாக இருக்கும். கைடோடு நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு வரவே வராதீர்கள், அந்த நந்தி மண்டபத்தைச் சுற்றி ஊரே நிற்கும்.

ஓவியம் பார்க்க முடியாது, பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் இருக்கிறது, பொதுமக்களை விடுவதில்லை. நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடந்ததை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார், அந்தக் கதையை வழியிலேயே சொல்லுங்கள், அதுவே பாதி படம் பார்த்த மாதிரி. மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களைச் செதுக்க ஆரம்பித்து 81-ஓடு நின்றுபோனது, அதுவும் அப்படித்தான், ஏற விடமாட்டார்கள்.


கும்மோணம் குட்டி எழுதியது:

நடு நேரத்துக்கு நான் சொல்கிறேன் அக்கா. அரண்மனைக் கலைக்கூடம், வேறு எதுவும் வேண்டாம். பதினோரு மணி வாக்கில் போய்விடுங்கள், அங்கும் மதிய இடைவேளை இருக்கும். அரண்மனையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு, கேமராவுக்குத் தனி, வாசலில் நின்று குழம்ப வேண்டாம், கலைக்கூடச் சீட்டை மட்டும் முதலில் வாங்குங்கள். நேரம் மிஞ்சினால் சரஸ்வதி மகால் அருங்காட்சியகம், ஓலைச்சுவடி பார்க்கலாம்.

ஓவியம் வரைகிற பெண்ணுக்கு அங்கே ஒருவர் காத்திருக்கிறார். திருவெண்காட்டு ரிஷபவாகனர். 1011-இல் வார்த்த செம்பு விக்கிரகம். மாட்டின் மேல் கையை ஊன்றி சாய்ந்து நிற்கிற சிவன், ஆனால் மாடு இல்லை, கிடைக்கவே இல்லை. கை மட்டும் காற்றில் எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. பாம்புகளைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருப்பார். நான் கல்லூரியில் படிக்கும்போது அந்தக் கையை மட்டும் வரைய மூன்று நாள் போனேன், வரவில்லை. மாடு இல்லாத இடத்தில் மாட்டின் உயரம் தெரிகிறது, அதுதான் சிக்கல். ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து அவளை அங்கே விட்டுவிடுங்கள்.

தாராசுரம் எங்கள் ஊர்க் கோயில், விடச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் விடுங்கள். அது பெரிய கோயில் மாதிரி தூரத்தில் நின்று பார்க்கிறது இல்லை, மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டியது, நாயன்மார் கதைச் சிற்பங்கள் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். அடுத்த வருஷம் அதற்காகவே கும்பகோணத்தில் ஒரு நாள் தங்குங்கள், சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, அதன் மேல் காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி விட்டு உலோகம் ஊற்றுவதையும் அப்போது நேராகப் பட்டறையிலேயே பாருங்கள். கடையில் இல்லை, பட்டறையில்.


ரயிலடி ரவுண்டு எழுதியது:

தலையாட்டி பொம்மை மட்டும் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், அதில் யாரும் ஏமாற்ற முடியாது, தள்ளிவிட்டுப் பாருங்கள், எழுந்தால் நல்ல பொம்மை.


சிங்கை மலர் எழுதியது:

போய் வந்துவிட்டோம். நேற்று இரவு சிங்கப்பூர் வந்து சேர்ந்தோம், துணி துவைக்கும் முன் இதை எழுதிவிடுகிறேன்.

முன்னாள் வழிகாட்டி சொன்னபடி இரண்டு பேரிடம் தொலைபேசியில் கேட்டேன். முதல் ஆள் நிழல் விழாது என்று உறுதியாகச் சொன்னார். இரண்டாமவர் சிரித்தார், “அது உங்க காலுக்குக் கீழயே விழும் மேடம், வாங்க காட்டறேன்” என்றார். கடை வேண்டாம் என்றபோது அந்த மௌனம் வந்தது, நிஜமாகவே வந்தது! அப்புறம் “சந்தோஷம்” என்றார். அரை நாளுக்கு அவருக்கு 2,500 கொடுத்தோம், புதுக்கோட்டையிலிருந்து காருக்குத் தனியாக 3,800. அடையாள அட்டையைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார்.

முற்பகலில் கலைக்கூடம். பெண் அந்தக் கையை வரைந்தாள், நாற்பது நிமிடம், அழித்து அழித்து தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. கும்மோணம் குட்டிக்கும் மூன்று நாள் வரவில்லை என்று சொன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆனாள். என்னிடம் மாடு ஏன் இல்லை என்று தமிழில் கேட்டாள். அதை நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலையில் கோயில். யானையை விழுங்கும் பாம்பைப் பையன் தானே கண்டுபிடித்தான், கைடு அவனைத் தேட விட்டார். திண்ணை சொன்ன கிளிகளையும் பார்த்தோம். அம்மா காலுறையோடு நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடந்து, எங்கள் எல்லோரையும் விட நிதானமாகப் பார்த்தார்.

ஆறு மணிக்கு மேல், விளக்கு போட்ட பிறகு, விமானத்தின் வடபுறம் அடிச்சுவருக்குக் கூட்டிப்போனார். சின்ன டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தார், அதுவரை கீறல் மாதிரி இருந்தது எழுத்து எழுத்தாக எழுந்து நின்றது. பையனிடம், உனக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா பார் என்றார். ‘ப’ கண்டுபிடித்தான். ‘ட’ கண்டுபிடித்தான். எழுத்துக்கு மேல் புள்ளியே இல்லையே, எங்கள் டீச்சர் என்றால் மார்க் குறைத்துவிடுவார் என்றான். அந்தக் காலத்தில் கல்லில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, விரலை ஓட்டி மெதுவாகப் படித்தார். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன உத்தரவு. அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. கணவர், கைடு எதற்கு என்று கேட்டவர், அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அம்மா நிறுத்தினார். “என்ன சொன்னீங்க தம்பி, குடுத்தனவுமா, கொடுத்தனவுமா?”

“குடுத்தனவும்தாங்கம்மா. கல்லுல ‘கு’தான் இருக்கு.”

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் பையன் பாட்டியைத் திருத்திக்கொண்டே இருப்பான். பாட்டி, ‘குடுத்தேன்’ தப்பு, ‘கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும், டீச்சர் சொன்னார் என்று. மூன்று வருஷமாக நடக்கிறது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பையன் தோளில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த எழுத்தைக் காட்டி, “படி” என்றார்.